ஆவன செய்யுமா? (சட்டப்பேரவையின் ஒரு சாதாரண நாள்)



சட்டசபை என்று சொன்னதும் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வருகிறது? எனக்குத் தெரிந்து பாதிப் பேருக்குக் கிழிந்த சட்டை, மீதிப் பேருக்கு வெளிநடப்பு :-) 1988 ஜனவரி 28-ல் ஜானகி ராமச்சந்திரன் நம்பிக்கை வாக்கு கோரிய அன்று போலீஸ் லத்தியோடு அவைக்குள் புகுந்தது, 1989 மார்ச் 25, 2017 பிப்ரவரி 18... இந்த மூன்று நாளைப் பற்றியும் டீக்கடையில் யாரைக் கேட்டாலும் அரை மணி நேரம் பேசுவார்கள். மற்ற நாட்களில் அங்கே என்ன நடந்தது என்று கேட்டால் "என்ன நடக்கும், மேசையைத் தட்டுவாங்க" என்று முடித்துவிடுவார்கள்.

அந்த மற்ற நாட்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் போரடிக்கும் விஷயம்தான். ஆனால் நான் பி.காம் மாணவன், வரவு செலவுக் கணக்கில் போரடிக்கிற பக்கத்தில்தான் விஷயம் இருக்கும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தவிர நான் போடிநாயக்கனூர் பக்கம். எங்கள் தொகுதிக்கும் அந்த அவைக்கும் உள்ள உறவு கொஞ்சம் விசேஷமானது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும் என்று பார்ப்போம். காலை 10 மணி. பேரவைத் தலைவர் (சபாநாயகர் என்றுதான் நாம் சொல்வோம்) வந்து உட்கார்ந்ததும் ஒரு திருக்குறளும் அதன் பொருளும் வாசிப்பார். 234 பேர் கொண்ட அவையில் அப்போது எத்தனை பேர் இருப்பார்கள் என்பது வேறு விஷயம். பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும் என்கிறது அரசியலமைப்புச் சட்டம். கணக்குப் போட்டால் 24 பேர். எங்கள் கல்லூரியில் பரீட்சை எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்பதை இங்கே வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

யாராவது முன்னாள் உறுப்பினர் காலமாகியிருந்தால் இரங்கல் குறிப்பு வாசித்து, எல்லாரும் எழுந்து நின்று மௌனம் காப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் வினா விடை. இந்த ஒரு மணி நேரத்தை நான் மிகவும் ரசித்துப் படித்தேன். பேரவையின் பழைய நடவடிக்கைக் குறிப்புகளை இப்போது இணையத்திலேயே படிக்கலாம். ஒரே மாதிரியான வாக்கியங்கள், பக்கம் பக்கமாக. "மாண்புமிகு அமைச்சர் அவர்கள், இன்ன தொகுதி, இன்ன ஊராட்சியில் பாலம் அமைக்க அரசு ஆவன செய்யுமா?" பாலம் இருக்கும் இடத்தில் துணை சுகாதார நிலையம், கால்நடை மருந்தகம், பேருந்து, பள்ளிக்கூடம், துணை மின் நிலையம் என்று எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். இந்த "ஆவன செய்யுமா", "முன்வருமா" இரண்டும் சட்டசபைக்கே உரிய தமிழ். வேறு எங்கே யாராவது இப்படிப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? கடைக்காரரிடம் போய் "அண்ணாச்சி, அரைக்கிலோ சர்க்கரை தர ஆவன செய்வீரா" என்று கேட்டால் என்ன ஆகும்?

பதில்களுக்கும் ஒரு தனி அகராதி உண்டு. "நிதி நிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்றால் இந்த வருடம் கிடையாது. "ஆய்வில் உள்ளது" என்றால் யாரோ ஒரு இளநிலைப் பொறியாளர் போய்ப் பார்க்க வேண்டும். "அத்தகைய கருத்துரு ஏதும் அரசிடம் இல்லை" என்றால் ஆளை விடுங்கள் என்று அர்த்தம். (இது என் மொழிபெயர்ப்பு, அரசு மொழிபெயர்ப்பு அல்ல.)

கிண்டல் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு கேள்வி அவைக்கு வரும் வழியைப் பார்த்தால் கிண்டல் அடங்கிவிடும். உறுப்பினர் எழுத்தில் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். பேரவைத் தலைவர் அதை அனுமதிக்க வேண்டும். பிறகு அது துறைச் செயலாளரிடம் போய், அங்கிருந்து மாவட்டத்துக்கு இறங்கி, கடைசியில் அந்த ஊருக்குப் பொறுப்பான அலுவலரின் மேசைக்கு வருகிறது. அவர் பதில் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் அமைச்சர் அதைப் பார்த்துத்தான் அவையில் சொல்லப் போகிறார். அந்தப் பதில் அதே வழியில் மேலே ஏறி கோட்டைக்குப் போகிறது. பாலம் வருகிறதோ இல்லையோ, பாலம் இல்லை என்பது ஒரு அரசாங்கக் காகிதத்தில் ஏறிவிட்டது. நம் மனு கலெக்டர் ஆபீஸில் தூங்கலாம். சட்டசபைக் கேள்வி என்று மேலே எழுதியிருந்தால் அது சுலபத்தில் தூங்காது.

இந்த உரிமை சும்மா வந்ததில்லை என்பதுதான் இதில் வரலாறு. 1861 சட்டத்தின்படி சென்னையில் இருந்த சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் சட்டம் பற்றி மட்டும்தான் பேசலாம். அரசாங்கத்தைப் பார்த்து ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது. 1892 சட்டம்தான் முதலில் கேள்வி கேட்கவும், வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசவும் இடம் கொடுத்தது. ஆனால் பதில் பிடிக்கவில்லை என்றால் மறு கேள்வி கேட்க முடியாது, உட்கார வேண்டியதுதான். 1909 சட்டத்தில், கேள்வி கேட்டவர் மட்டும் துணைக் கேள்வி கேட்கலாம் என்று வந்தது. 1919 சீர்திருத்தம் வந்து, 1921-ல் புதிய சட்டமன்றம் கூடிய பிறகுதான் எந்த உறுப்பினரும் துணைக் கேள்வி கேட்கலாம் என்று ஆனது. அதாவது "அப்படின்னா ஏன் கட்டலை?" என்று எழுந்து கேட்பதற்கு நமக்கு 60 வருடம் ஆகியிருக்கிறது.

மானியக் கோரிக்கைகள் மீது ஓட்டுப் போடும் உரிமையும் 1919 சட்டத்தால்தான் வந்தது. அதுவும் முழுசாக இல்லை. போலீஸ், நில வருவாய் போன்ற முக்கியமான துறைகளைக் கவர்னர் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி மாதிரி செலவு வைக்கிற துறைகளை மட்டும் இந்திய அமைச்சர்களிடம் கொடுத்தார்கள். இரட்டை ஆட்சி என்று பத்தாம் வகுப்பில் படித்தது இதுதான்.

சரி, மறுபடி இன்றைய அவைக்கு வருவோம். 11 மணிக்கு மேல் நேரமில்லா நேரம். (நேரமில்லா நேரம்! பெயர் வைத்தவர் கவிஞராக இருந்திருக்க வேண்டும்.) அவசரப் பிரச்சினைகள், கவன ஈர்ப்பு எல்லாம் இங்கே. எதிர்க்கட்சிகள் எழுந்து நிற்பதும், பேரவைத் தலைவர் அனுமதி மறுப்பதும், வெளிநடப்பும் அனேகமாக இந்த நேரத்தில்தான். மறுநாள் பேப்பரில் வருவதும் இதுதான். அவர்கள் வெளியே போன பிறகு உள்ளே நடந்தது ஏழாம் பக்கத்தில் இரண்டு பத்தியாக வரும்.

விதி 110 பற்றியும் சொல்ல வேண்டும். பொது முக்கியத்துவம் வாய்ந்த விஷயத்தில் அமைச்சர் ஒரு அறிக்கை படிக்கலாம், அதன் மேல் விவாதம் கிடையாது என்பது இந்த விதி. எப்போதாவது பயன்படுத்த வைத்த விதி. ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது இது தினசரி நிகழ்ச்சி மாதிரி ஆனது, பாலம், கல்லூரி, குடிநீர்த் திட்டம் எல்லாம் 110-ன் கீழ் அறிவிப்பாக வந்தது. அறிவிப்பு கேட்டவர்களுக்குச் சந்தோஷம். ஆனால் கேள்வி கேட்டால் துணைக் கேள்வி உண்டு, 110-க்குத் துணைக் கேள்வி இல்லை. 60 வருடம் காத்திருந்து வாங்கியதை நாமே கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்ட மாதிரி எனக்குத் தோன்றுகிறது. கட்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், பிற்பாடு வந்தவர்களும் அதை விட்டுவிடவில்லை.

இனி எனக்குப் பிடித்த பகுதி, பணம். நிதிநிலை அறிக்கை வாசிக்கும் நாள் ஒரு நாள்தான், டிவியில் வரும், எல்லாரும் பார்ப்போம். அதற்குப் பிறகு துறை துறையாக மானியக் கோரிக்கை விவாதம் பல நாட்கள் போகும், யாரும் பார்க்க மாட்டோம். ஒவ்வொரு துறைக்கும் ஒரு எண். நெடுஞ்சாலைத் துறை 21, காவல் துறை 22, வனத்துறை 54. அமைச்சர் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் கொடுப்பார். உறுப்பினர்கள் பேசுவார்கள், முதல் ஐந்து நிமிடம் தலைவரைப் புகழ்வதில் போய்விடும், அப்புறம் தொகுதிக் கோரிக்கைப் பட்டியல் வரும். எதிர்க்கட்சி வெட்டுத் தீர்மானம் கொடுக்கும். எவ்வளவு வெட்டுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் மானியத்தில் 100 ரூபாய்! அந்த 100 ரூபாய் ஒரு சாக்கு, குறை சொல்ல ஒரு வாசல். அது நிறைவேறாது என்று கொடுக்கிறவருக்கும் தெரியும். உண்மையிலேயே 100 ரூபாய் வெட்டு நிறைவேறிவிட்டால் அரசுக்குப் பெரும்பான்மை இல்லை என்று அர்த்தம் ஆகிவிடும், அந்த 100 ரூபாய்க்கு அவ்வளவு கனம்.

கடைசியில் நிதி ஒதுக்கச் சட்டம். இது நிறைவேறாமல் மாநிலத்தின் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு பைசா எடுக்க முடியாது. "ஆம் என்போர் அதிகம், தீர்மானம் நிறைவேறியது" என்று சில நிமிடத்தில் முடிந்துவிடும் அந்த வாக்கியத்தில்தான் நம் ஊர் வாத்தியார் சம்பளமும், ரேஷன் அரிசியும், முதியோர் பென்ஷனும் இருக்கின்றன.

இதை எங்கள் ஊர் உதாரணத்தில் சொன்னால் இன்னும் புரியும். போடியிலிருந்து கொட்டக்குடி ஆற்றை ஒட்டியே மேற்கே போனால் குரங்கணி. அதற்கு மேலே மலையில் சென்ட்ரல் ஸ்டேஷன், உச்சியில் டாப் ஸ்டேஷன். மலைக்கு நடுவே ஸ்டேஷன் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 1902-ல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை வெள்ளைக்காரத் தேயிலைக் கம்பெனி ஒற்றைத் தண்டவாள வண்டி ஓட்டியது. 1908-ல் அதைச் சின்ன ரயிலாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு குரங்கணி - கொட்டக்குடி அடிவாரத்துக்கு இறங்கும், அது பாட்டம் ஸ்டேஷன். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி. 1924 வெள்ளத்தில் மேலே இருந்த ரயில் அடித்துக்கொண்டு போய்விட்டது. பெயர் மட்டும் மிச்சம்.

நூறு வருடத்துக்கு முன்னால் தேயிலை நேராக இறங்கிய மலையில், இன்று மனிதர் வண்டியில் ஏற வழியில்லை. டாப் ஸ்டேஷன் தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் போடியிலிருந்து அங்கே வண்டியில் போக வேண்டுமானால் போடிமெட்டு, பூப்பாறை, மூணாறு என்று கேரளாவைச் சுற்றித்தான் போக வேண்டும். தேர்தல் வந்தால் எங்கள் மலைக் கிராம வாக்குச்சாவடிகளுக்குக் குதிரை மேல் வாக்குப்பதிவு இயந்திரம் ஏற்றிக்கொண்டு போகும் படம் பேப்பரில் தவறாமல் வரும், பார்த்திருப்பீர்கள். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சாலை வேண்டும் என்பது எங்கள் பக்கத்து மிகப் பழைய கோரிக்கை. ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும், காயை இறக்குகிறவர்களுக்கும் அது எவ்வளவு மிச்சம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏன் வரவில்லை? சாலை போடும் பணம் கோரிக்கை எண் 21-ல். சாலை போகும் இடம் கோரிக்கை எண் 54-ல், அதாவது காடு. காடு 1976-ல் 42-வது திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போய்விட்டது. 1980 வனப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு காட்டு நிலத்தை வேறு காரியத்துக்கு எடுக்க மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். ஆக, சென்னையில் 234 பேரும் சேர்ந்து "ஆம்" என்று சொன்னாலும் தானாகச் சாலை வந்துவிடாது. வரவே கூடாது, காடும் யானையும் பிழைக்கட்டும் என்று சொல்கிறவர்களும் உண்டு, அவர்கள் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. போடி ரயிலும் இப்படித்தான். அகலப் பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தியது, 2023 ஜூன் 15-ல்தான் திரும்ப போடிக்கு வந்தது. ரயில் முழுக்க மத்திய அரசு விஷயம், சட்டசபை "வலியுறுத்த" மட்டுமே முடியும். எங்கள் உறுப்பினர் நிதியமைச்சராகவும் முதல்வராகவும் இருந்த வருடங்களும் இதற்குள் அடக்கம் என்பதைக் கவனியுங்கள்.

இப்போது எங்கள் தொகுதியின் விசேஷத்துக்கு வருகிறேன்.

1989 ஜனவரி தேர்தலில் ஜெயலலிதா முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குப் போனது போடிநாயக்கனூரிலிருந்து, சேவல் சின்னத்தில். ஜானகி அணி சார்பில் எதிர்த்து நின்றவர் வெண்ணிற ஆடை நிர்மலா. கருணாநிதி முதல்வரானார், ஜெயலலிதா எதிர்க்கட்சித் தலைவர், தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண். மார்ச் 25 அன்று நிதிப் பொறுப்பையும் வைத்திருந்த முதல்வர் நிதிநிலை அறிக்கை வாசிக்க எழுந்தார். ஜெயலலிதா தரப்பு உரிமைப் பிரச்சினை எழுப்பியது. இன்று நிதிநிலை அறிக்கை நாள், அதை இப்போது எடுக்க முடியாது என்றார் பேரவைத் தலைவர் தமிழ்க்குடிமகன். அதற்குப் பிறகு நடந்த கைகலப்பு பற்றி இரண்டு தரப்புக்கும் இரண்டு கதை. முதல்வரின் கையிலிருந்த அறிக்கையைப் பறித்துத் தாக்கினார்கள் என்பது ஒரு தரப்பு. தன் சேலையைப் பிடித்து இழுத்தார்கள் என்று ஜெயலலிதா சொன்னார், தி.மு.க. அதை மறுத்தது. 1991-ல் அவர் முதல்வராகத்தான் அந்த அவைக்கு மறுபடி வலுவாகத் திரும்பினார். இந்தக் கதை உங்களுக்குத் தெரியும், படமாகவும் எடுத்தாகிவிட்டது.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு. அந்தத் தேதி ஒரு சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலச் சம பங்கு என்று சொன்ன சட்டம், 1990-ன் முதல் சட்டமாக வெளிவந்தது. ஆனால் அது நடைமுறைக்கு வந்ததாக வைத்த நாள் 1989 மார்ச் 25. அதே நாள்! நாடு முழுக்க இந்த உரிமை 2005-ல்தான் வந்தது, ஆந்திரத்தில் 1986-லேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு. அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணமான மகளுக்கு இது பொருந்தாது.

எனக்கு இரண்டு அத்தைகள். மூத்த அத்தைக்குக் கல்யாணம் நடந்தது 1989 தை மாதம், ஊரெல்லாம் சேவலும் சூரியனும் சுவரில் வரைந்திருந்த சமயம். சின்ன அத்தைக்கு அதே வருடம் ஆவணியில். 1997-ல் தாத்தா வழிப் பூர்வீக நிலத்தைப் பாகம் பிரித்துப் பத்திரம் பதிந்தபோது வக்கீல் கேட்ட முதல் கேள்வி, கல்யாணப் பத்திரிகை இருக்கிறதா என்பது. சின்ன அத்தைக்குப் பங்கு உண்டு, மூத்த அத்தைக்குச் சட்டப்படி இல்லை. ஏழு மாத வித்தியாசம். அப்பா தன் பங்கிலிருந்து கொஞ்சம் கொடுக்கிறேன் என்றாராம், பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லையாம். 2005-ல் மத்தியச் சட்டம் வந்தபோது எல்லா மகள்களுக்கும் பங்கு என்றார்கள், 2020-ல் உச்ச நீதிமன்றமும் அதை இன்னும் தெளிவாக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் பதிவான பாகப் பிரிவினை செல்லும் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதனால் எங்கள் வீட்டுப் பத்திரம் அப்படியே நிற்கிறது. அத்தை இன்றும் தீபாவளிக்கு வருவார், அந்த வயல் வழியாக வர மாட்டார், ரோட்டைச் சுற்றி வருவார்.

மார்ச் 25 என்றால் சேலையா, அறிக்கையா என்று 30 வருடத்துக்கு மேல் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். சட்டத்தில் ஒரு தேதியை எங்கே வைப்பது என்று யாராவது அவையில் கொஞ்ச நேரம் பேசியிருந்தால், கல்யாணமானவர்களையும் சேர்த்துக்கொண்டால் என்ன என்று ஒரே ஒரு திருத்தம் நிறைவேறியிருந்தால், எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, தமிழ்நாடு முழுக்க எத்தனை அக்கா தங்கைகளுக்கு நடுவில் ஒரு கோடு விழாமல் இருந்திருக்கும்!

இன்னொரு பொருத்தமும் சொல்கிறேன். 2011, 2016, 2021 மூன்று தேர்தலிலும் போடியில் வென்றவர் ஓ. பன்னீர்செல்வம். 2015-ல் அவர் முதல்வராக இருந்து நிதிநிலை அறிக்கை வாசித்தார். தேதி? மார்ச் 25! 26 வருடத்துக்கு முன்னால் போடி உறுப்பினர் எதிர்க்கட்சி வரிசையில் எழுந்து நின்ற அதே தேதியில், இன்னொரு போடி உறுப்பினர் நிதான குரலில் பக்கம் பக்கமாகப் புள்ளிவிவரம் வாசித்தார். ஒருவரும் சண்டைப் படம் எடுக்கவில்லை. பின்னாளில் 2022-லிருந்து 2024 பிப்ரவரி வரை அவருக்கு எந்த இருக்கை என்பதே அவையில் பெரிய தகராறாக ஓடியது தனிக்கதை. நாற்காலி பற்றி அவ்வளவு பேசினார்கள்.

2018-க்கு வருகிறேன். இதை எழுதக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும், ஈரோடு - திருப்பூர் பக்கமிருந்தும் மலையேற்றத்துக்கு வந்த இரண்டு குழுக்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் வழியில், ஒத்தமரம் பக்கம் காட்டுத் தீயில் மாட்டிக்கொண்டார்கள். காய்ந்த போதைப்புல், சரிவு, காற்று. முதலில் ஏறியது எங்கள் மலை ஜனங்கள்தான். போர்வையிலும் கம்பிலும் தூளி கட்டி இறக்கினார்கள். ஹெலிகாப்டர் பிறகு வந்தது. கடைசியில் இறந்தவர்கள் 23 பேர். நம் வயதுக்காரர்கள் நிறைய.

நான்கு நாள் கழித்து, மார்ச் 15 அன்று, சட்டப்பேரவையில் நிதிநிலை அறிக்கை. வாசித்தவர் துணை முதல்வரும் நிதியமைச்சருமான போடி உறுப்பினர். அரசு அதுல்ய மிஸ்ராவை விசாரணை அதிகாரியாகப் போட்டது. அதே வருடம் காடுகளில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தனி விதிகள் வந்தன. சட்டம் வேறு, விதி வேறு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். சட்டம் அவையில் விவாதித்து நிறைவேற வேண்டும். விதியை அந்தச் சட்டத்தின் கீழ் அரசே எழுதி அரசிதழில் வெளியிட்டுவிடலாம், பிறகு அது பேரவை முன் வைக்கப்படும் ஏடுகளில் ஒன்றாகப் போகும். தினமும் மேசையில் வைக்கப்படும் அந்தக் காகிதக் கட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எந்தப் பாதையில் யார் போகலாம், வழிகாட்டி யார், எந்த மாதங்களில் மூட வேண்டும் என்கிற, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இப்படி வரிக்கு வரி பேசப்படாமலேயே நடைமுறைக்கு வந்துவிட முடிகிறது. விதிகளைக் குறை சொல்லவில்லை. அவை 11-ம் தேதிக்கு முன்னால் ஏன் இல்லை என்று கேட்கிறேன். பிப்ரவரி, மார்ச்சில் மேலே புல் எரியும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பையனுக்கும் தெரியும். "குரங்கணி மலைப்பாதைகளில் தீக்காலத்தில் ஆள் ஏறுவதை ஒழுங்குபடுத்த அரசு ஆவன செய்யுமா?" ஒரே ஒரு வாக்கியம்தான். 2017-ல் ஒரு காலை 10 மணிக்கு அது கேட்கப்பட்டு, கோட்டையிலிருந்து அந்தக் காகிதம் வனச்சரகர் மேசைக்கு இறங்கி, அவர் ஒரு பதில் எழுத வேண்டி வந்திருந்தால்...

அவையில் அமைச்சர் "செய்கிறோம்" என்று ஒப்புக்கொண்டதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு பின்னால் துரத்துவதற்கு அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. செலவான பிறகு கணக்கைக் கிளறுவதற்குப் பொதுக் கணக்குக் குழு. இரண்டிலும் எல்லாக் கட்சிக்காரர்களும் உண்டு, அங்கே சண்டை குறைவு என்பார்கள், காமிரா இல்லாததால் இருக்கலாம். 2022 ஜனவரியிலிருந்து வினா விடை நேரத்தை நேரலையாகக் காட்டத் தொடங்கினார்கள். உங்களுக்கு ஒரு நாள் நேரம் கிடைத்தால் பாருங்கள். உங்கள் தொகுதிப் பெயர் வருகிறதா, வந்தால் எதற்காக வருகிறது, யாராவது துணைக் கேள்வி கேட்கிறார்களா என்று மட்டும் கவனியுங்கள்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசே வனத்துறை மூலமாக மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 40 பாதைகள், இணையத்தில் முன்பதிவு, உள்ளூர் மலை இளைஞர்களே வழிகாட்டிகள். அந்த நாற்பதில் குரங்கணி - சாம்பலாறு பாதையும் ஒன்று. தீப்பிடிக்கும் மாதங்களில் மூடிவிடுகிறார்கள். டாப் ஸ்டேஷனுக்கு மட்டும் இன்றும் மூணாறு சுற்றித்தான் போக வேண்டும்.